முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறீர்களா?

குடியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டத்தில் உட்காரலாம். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு இது. கட்டணம் இல்லை, முழுப் பெயரும் கேட்க மாட்டார்கள். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது இது. தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கும் கூட்டங்கள் உண்டு.

இடமும் நேரமும் அவர்களின் இந்திய இணையதளத்தில் கிடைக்கும். நேரம் மாறியிருக்கலாம், கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். 'திறந்த கூட்டம்' என்றால் மனைவியோ அண்ணனோ துணைக்கு வரலாம். 'மூடிய கூட்டம்' குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை. பேசச் சொன்னால், "இன்னைக்குக் கேட்டுட்டுப் போறேன்" என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆனால் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கூட நின்று பேசும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவருடைய போன் நம்பரையாவது வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் சாயங்காலம் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும்போது கூப்பிட ஓர் ஆள் வேண்டும். முதல் கூட்டம் ஒட்டவில்லையா, வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள்.

ஒன்று முக்கியம்: தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டமே இருக்கிறது.