பால் சோப்பு: பால் கருகாமல், திரியாமல் செய்வது எப்படி?

பாலை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினால் திரட்டுப்பால் நிறம் வருகிறதல்லவா? எண்ணெயைச் சோப்பாக மாற்றும் காரமான காஸ்டிக் சோடாவைப் பாலில் கொட்டினாலும் அதே நிறம்தான் வரும், ஆனால் சில நொடிகளில் வந்துவிடும். சோடா கரையும்போது கிளம்பும் சூடும் அதன் காரமும் சேர்ந்து பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைக் கருக்கிவிடுகின்றன. பால் சோப்பில் புதிதாகக் கற்க வேண்டியது சூட்டை அடக்குவது ஒன்றுதான். மற்றதெல்லாம் சாதாரணக் குளிர்முறை சோப்புதான், அதாவது அடுப்பில் காய்ச்சாமல் எண்ணெயோடு சோடாக் கரைசலைக் கலந்து செய்வது.

பால் சோப்பு தோலை வெளுப்பாக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். தேய்த்துக் கழுவிவிடும் பொருள் அது. பாலின் சர்க்கரையால் நுரை கூடும், கொழுப்பால் நுரை வழுவழுப்பாகும். அதற்காகச் செய்தால் போதும்.

எந்தப் பால்?

பசும்பால், ஆட்டுப்பால் இரண்டிலும் கொழுப்பு சுமார் 4 சதவீதம், லாக்டோஸ் நாலரை முதல் ஐந்து சதவீதம். சோப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆட்டுப்பால் கிடைக்கவில்லையே என்று அலைய வேண்டாம், பாக்கெட் பாலே போதும். எருமைப்பாலில் கொழுப்பு 6 முதல் 8 சதவீதம் வரை இருப்பதால் சோப்பு சற்று மிருதுவாகும். கறந்த பாலாக இருந்தால் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிடுங்கள். ஆடை உள்ளே போனால் கட்டிகட்டியாக நிற்கும். கழுதைப்பாலில் கொழுப்பு மிகக் குறைவு, சர்க்கரை அதிகம். விலை கொடுத்து வாங்கிய பால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் பழுப்பாகும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

மோரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. அது கொஞ்சம் சோடாவோடு சேர்ந்து சோடியம் லாக்டேட் ஆகி, சோப்பைக் கெட்டியாக்க உதவும். வெண்ணெய் கடைந்து வடிகட்டிய, உப்பும் தாளிப்பும் இல்லாத மோர்தான் வேண்டும்.

தேங்காய்ப்பாலில் லாக்டோஸ் கிடையாது, அதனால் அவ்வளவாகக் கருகாது. சிக்கல் கொழுப்பில்தான். கெட்டியான முதல் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. கீழே வரும் 165 கிராம் திரவம் முழுவதையும் முதல் பாலாக ஊற்றினால் 33 கிராம் கொழுப்பு கூடுதலாக உள்ளே போகும். சோப்பு பிசுபிசுத்து, சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். பாதியைத் தண்ணீராக வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு

தலா சுமார் 100 கிராம் எடையில் ஏழு சோப்புக் கட்டி வரும்:

தேங்காய் எண்ணெய் 200 கிராம்
பாமாயில் 125 கிராம்
ஆலிவ் எண்ணெய் 150 கிராம்
விளக்கெண்ணெய் 25 கிராம்
காஸ்டிக் சோடா 73 கிராம்
பால் 165 கிராம்

500 கிராம் எண்ணெயும் முழுதாகச் சோப்பாக மாற ஏறக்குறைய 78 கிராம் சோடா வேண்டும். 73 போடுவதால் சுமார் 6 சதவீத எண்ணெய் மாறாமல் தங்கித் தோலை வறளவிடாமல் காக்கும். ஆலிவுக்குப் பதில் அதே எடை தவிட்டெண்ணெய் போடலாம், சோடா அளவு மாறாது. வேறு எந்த எண்ணெயை மாற்றினாலும் சோடாவைத் திரும்பக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும், பாலையும்கூட, கிராம் தராசில்தான் அளக்க வேண்டும். டம்ளர், ஸ்பூன் கணக்கு இங்கே ஆபத்து.

சோடா குறைந்தது 98 சதவீதத் தூய்மையுள்ளதாக இருக்கட்டும். சாக்கடை அடைப்பு நீக்கும் தூளில் வேறு பொருள்கள் கலந்திருக்கும், அது வேண்டாம். பாத்திரம் எவர்சில்வர் மட்டும். அலுமினியத்தைச் சோடா அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள், வினிகர் தடவாதீர்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

செய்முறை

முதல் நாளே 165 கிராம் பாலை எடைபோட்டு ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள்.

மறுநாள் ஓர் அகலப் பாத்திரத்தில் ஐஸ்கட்டியும் தண்ணீரும் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போட்டு, அதற்குள் பால்கட்டிகள் உள்ள எவர்சில்வர் பாத்திரத்தை இறக்குங்கள். சோடாவை ஒரு டீஸ்பூன் தூவுங்கள், கிளறுங்கள். அது கரைந்த பிறகே அடுத்த டீஸ்பூன். முதலில் கட்டிகள் நழுவி ஓடும், பிறகு ஓரம் உருகிக் கூழாகும். பாதி சோடா போனபின் வெள்ளை மாறி வெளிர் மஞ்சளாகும், அது சரியான நிறம். மாம்பழ நிறம் தெரிந்தால் கையை நிறுத்தி ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. மொத்தம் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். எந்த முறையிலும் சோடாவைத்தான் திரவத்தில் போட வேண்டும், சோடாமேல் திரவத்தை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

பாலின் கொழுப்பு அப்போதே சோப்பாகத் தொடங்குவதால் கலவை கஞ்சிபோல் கெட்டியாகும். அந்தக் கெட்டிக்குள் கரையாத சோடாமணி ஒளிந்திருக்கும். அதனால் எண்ணெயில் ஊற்றும்போது எவர்சில்வர் வடிகட்டி வழியாகவே ஊற்றுங்கள். புதியவர்கள் அதிகம் விட்டுவிடும் படி இதுதான்.

எண்ணெய்கள் 35 முதல் 38 டிகிரி இருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பாமாயில் உறைந்து, சோப்பு கூடிவிட்டதுபோல் பொய்த்தோற்றம் காட்டும். ஹேண்ட் பிளெண்டரைச் சில நொடி ஓட்டி, நிறுத்திக் கையால் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். தூக்கிச் சொட்டவிட்டால் மேலே கோடு நிற்க வேண்டும். அதைத்தான் ட்ரேஸ் என்கிறார்கள். உடனே அச்சில் ஊற்றி ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் வையுங்கள். சாதாரணச் சோப்பைப் போல் துணியால் போர்த்தாதீர்கள். இரண்டாம் நாள் வெட்டலாம், மெத்தென்று இருந்தால் இன்னொரு நாள் பொறுங்கள். காற்றாட ஆறு வாரம் காயட்டும்.

உறையவைக்க வசதியில்லையா? 80 கிராம் தண்ணீரில் சோடாவைக் கரைத்து 35 டிகிரிக்கு ஆறவிடுங்கள். மீதி 85 கிராம் பாலை எண்ணெயில் அடித்துக் கலந்துவிட்டு, அதில் சோடாநீரை ஊற்றுங்கள். தேங்காய்ப்பாலுக்கு இதுவே நல்ல வழி. பால்பவுடர் என்றால் 165 கிராம் தண்ணீரில் சோடாவைக் கரைத்து, 15 கிராம் பவுடரை எண்ணெயில் கட்டியில்லாமல் அடித்துச் சேர்த்தால் போதும். முதல்முறை செய்பவர்கள் பவுடரில் தொடங்குவது நல்லது.

எங்கே தவறும்?

நடுவில் மட்டும் கரும்பழுப்பு வட்டம் தெரிந்தால், உள்சூடு ஏறிப் பாதி சோப்பு மட்டும் வெந்திருக்கிறது. பயன்படுத்தலாம், பார்க்கத்தான் அழகில்லை. மேலே வெடித்து எரிமலைபோல் பொங்கினால் சூடு கைமீறிவிட்டது, தேனோ சர்க்கரையோ சேர்த்திருந்தால் இது எளிதில் நடக்கும். சோடாவைக் கலக்கும்போது அம்மோனியா நெடி வந்தால் பயப்பட வேண்டாம். பாலின் புரதம் சிதைவதால் வருவது, காயும்போது போய்விடும்.

வெட்டிய துண்டில் வெள்ளைப் பொட்டுகள் கெட்டியாக, தொட்டால் பொடிந்தால், அவை கரையாத சோடாவாக இருக்கலாம். அந்தக் கட்டியை உடம்பில் போடாதீர்கள். சோப்பின் மேற்பரப்பில் மட்டும் சாம்பல் படிந்திருந்தால் அது சோடா காற்றோடு சேர்ந்து உண்டானது, ஈரத்துணியால் துடைத்தால் போகும். மாதங்கள் கழித்து ஆரஞ்சுப் புள்ளி வந்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது. அடுத்த முறை புது எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். புள்ளி விழுந்த கட்டியைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம்.