ராத்திரி மடை பார்க்கப் போகிறவர் கண்ணைப் பழக்கிக்கொள்வது எப்படி

வாய்க்காலில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும். திருவையாறு பக்கம், இரண்டு ஏக்கர் சம்பா. போன ஐப்பசியில் ஒருநாள் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் மகன் தன் மோட்டார் கொட்டகையில் புதிதாக நூறு வாட் எல்.இ.டி. ஃபோகஸ் லைட் மாட்டியிருந்தான். அதைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பேன், வரப்பு எது வாய்க்கால் எது என்றே தெரியவில்லை. தண்ணீரில் விழுந்து, கணுக்கால் பிசகி, இரண்டு வாரம் நடக்க முடியாமல் கிடந்தேன்.

என்னைத் தள்ளிவிட்டது அந்த வெளிச்சம்தான். இதை அடித்துச் சொல்லக் காரணம், ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் திருச்சி விமான நிலையத்தில் ரன்வே விளக்குப் பராமரிப்பில் எலக்ட்ரீஷியனாகப் பல வருஷம் இருந்தேன்.

ரன்வே விளக்கு எப்போதும் முழு வெளிச்சத்தில் எரிவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரிய ரன்வேக்களின் ஓர விளக்குகளுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஐந்து படி உண்டு. மேல்படியில் 6.6 ஆம்பியர் ஓடும், அடிப்படியில் 2.8. கரண்ட் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இறங்குகிறது, ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. மார்கழிப் பனி மூடினால் படியை ஏற்றுவார்கள். வானம் தெளிந்த ராத்திரியில் இறக்கிவிடுவார்கள். கண் கூசுகிறது என்று பைலட் சொன்னாலும் டவரில் குறைப்பார்கள். தேவைக்கு மேல் பிரகாசமாக இருந்தால் ரன்வே இருப்பதைவிடக் கிட்டத்தில் வந்துவிட்டது போலத் தோன்றும். இருட்டுக்குப் பழகிய கண்ணும் கெட்டுவிடும். இருட்டில் வண்டி ஓட்டுகிறவனுக்கும் வரப்பில் நடக்கிறவனுக்கும் கண் ஒன்றுதானே.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே வீட்டு விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். இருட்டில் பார்க்க உதவும் செல்களில் ஒரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது நொடியில் சிதைந்துவிடும். திரும்ப ஊறி நிறைய முப்பது நிமிஷம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வயதானால் கண்மணி முன்போல விரியாது, நமக்கு இன்னும் பொறுமை வேண்டும். இந்த அரை மணியில் செல்போனை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி பார்த்தாலே மறுபடி காத்திருக்க வேண்டிவரும்.

டார்ச்சே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கட்டுவிரியன் ராத்திரியில்தான் அலையும், அதை மிதித்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு. முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள், கையில் தடி இருக்கட்டும். டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்துக் காலடிக்கு மட்டும் அடியுங்கள், தூரத்துக்கு வீசாதீர்கள். பைலட்கள் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டு, டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றுகிறவர்கள் உண்டு. சிவப்பு கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது, உண்மை. ஆனால் அந்த வெளிச்சத்தில் நிறம் பிரியாது, வரைபடத்தின் சிவப்புக் கோடே பைலட் கண்ணுக்குத் தெரியாமல் போகும். சேற்றில் கிடக்கும் பாம்பு எப்படித் தெரியும்? கொட்டகையில் ஸ்டார்ட்டரைப் பார்க்க சிவப்பு போதும், நடக்க மங்கலான மஞ்சள் வெளிச்சம்தான் நல்லது என்பது என் அனுபவம்.

அடுத்தது, பார்க்கும் விதம். இருட்டில் எதையும் நேருக்கு நேர் முறைக்கக் கூடாது. கண்ணின் நடுப்புள்ளியில் இருட்டுக்கான செல்களே கிடையாது. கார்த்திகை மாதம் முன்னிரவில் கிழக்கே ஆறுமீன் கூட்டத்தைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒரு புகைத்திட்டு போல இருக்கும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் பளிச்சென்று தெரியும். மடையையும் அப்படித்தான் பார்ப்பேன். வரப்பில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் கசிந்தால் முதலில் கொளகொளவென்று சத்தம் கேட்கும். சத்தம் வந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பார்வையை வைத்து மெதுவாக நகர்த்துவேன். வானத்து வெளிச்சத்தில் தண்ணீர் ஓடும் இடம் மட்டும் கறுப்புக்குள் ஈயம் போல நெளியும். அந்த இடத்தில் ஒரு பிடி சேற்றை வைத்து மிதித்தால் முடிந்தது. டார்ச் அடித்திருந்தால் புல்தான் மின்னியிருக்கும்.

இன்னொன்று. தூரத்தில் ஒற்றை விளக்கு தெரிந்தால் அதையே வெறித்துப் பார்க்காதீர்கள். சுற்றிலும் இருட்டாக இருந்தால் அசையாத விளக்கும் கொஞ்ச நேரத்தில் நகர்வது போலத் தோன்றும். பைலட்களுக்கும் இது நடக்கிறது, பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். எங்கள் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் சிலர் யாருடைய மோட்டார் கொட்டகை பல்பைப் பார்த்தார்களோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

வாய்க்கால் கரையில் எதிரே பைக் வந்தால் நின்றுவிடுங்கள். ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்ளுங்கள், அந்தக் கண்ணின் பழக்கம் கெடாது. வண்டி போனதும் திறந்தால் வரப்பு தெரியும்.

அரை மணி கழித்தும் கூட வருகிறவருக்குத் தெரிவது உங்களுக்கு மட்டும் தெரியவில்லையா? கண் மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணாக இருக்கலாம், விழித்திரைக் கோளாறாகவும் இருக்கலாம். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் அதையே நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

அப்புறம் அந்த ஃபோகஸ் லைட். கணுக்கால் சரியானதும் நானும் அண்ணன் மகனும் ஒரு எண்ணெய் டின்னை நெடுக்கு வாக்கில் வெட்டி, விளிம்பை மடக்கி, லைட்டுக்கு மேலே குல்லாய் போலத் திருகி மாட்டினோம். டின் சூடேறாமல் இருக்க நாலு விரல் இடைவெளி விட்டோம். லைட்டை நேர் கீழே திருப்பினோம். நூறு வாட்டைக் கழற்றி இருபது வாட் போட்டான். இப்போது வெளிச்சம் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் தொட்டி வாயிலும் மட்டும் விழுகிறது.