ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையின் கைகால் அசைவுகளைக் கவனித்து உதவுவது எப்படி

கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு, அதாவது ஏ.டி.எச்.டி., உள்ள பிள்ளையின் கையெழுத்து கோணுவதையும், சட்டைப் பொத்தான் போட அவன் திணறுவதையும் சோம்பல் என்று திட்டிவிடுகிறோம். அது நியாயமன்று. இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரை அசைவுகளை ஒருங்கிணைக்கவும் சிரமப்படுகிறார்கள்.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் ஷா குழுவினர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மூளையின் மேலடுக்கான புறணியில் பாதிப் பகுதி தன் உச்சத் தடிமனை எட்டிய வயது மற்ற பிள்ளைகளிடம் சுமார் 7.5 ஆகவும், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் சுமார் 10.5 ஆகவும் இருந்தது. அசைவுக்கு ஆணையிடும் முதன்மை இயக்கப் பகுதி மட்டும் அவர்களிடம் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. ஆணையிடும் பகுதி முந்திக்கொள்ள, அதை அடக்கி நெறிப்படுத்தும் மூளையின் முன்பகுதி பிந்துவதால் ஓயாத துறுதுறுப்பு உண்டாகலாம் என்று அக்குழுவினர் கருதினார்கள்.

வீட்டிலேயே இதன் சாயலைப் பார்க்கலாம். பிள்ளையை எதிரே உட்காரவைத்து, ஒரு கையின் நான்கு விரல்நுனிகளாலும் அதே கையின் கட்டைவிரலை வரிசையாகத் தொடச் சொல்லுங்கள். மறு கை மடியில் சும்மா இருக்கட்டும். பார்க்க வேண்டியது அந்தச் சும்மா இருக்கும் கையைத்தான். அதன் விரல்களும் கூடவே அசைந்தால், ஒரு பக்கத்துக்கான இயக்கம் மறுபக்கத்துக்கும் வழிகிறது என்று பொருள். சிறு வயதில் இது எல்லோரிடமும் உண்டு, வயது ஏற ஏறக் குறையும், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம், குறிப்பாக ஆண் பிள்ளைகளிடம், கூடுதல் காலம் நீடிக்கிறது. அடுத்து, பாதங்களின் வெளி விளிம்பில் நடக்கச் சொல்லி, கைகள் முறுக்கிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். "கையை ஆட்டாதே" என்று முன்கூட்டியே எச்சரித்தால் உண்மை தெரியாது.

இந்தச் சோதனையை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது, 6 மாதங்களுக்குக் குறையாமல் இருந்தனவா என்பதை மருத்துவரே விசாரித்து அறிவார். வடசென்னையில் இருப்பவர்கள் பழைய ஜெயில் சாலையிலுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவையோ மனநலப் பிரிவையோ அணுகலாம். போகும்போது பள்ளி நோட்டுகளையும், விரல் தொடும் சோதனையைப் பிடித்த செல்போன் வீடியோவையும் கொண்டுசெல்லுங்கள். அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி தேவையா என்றும் கேளுங்கள்.

பயிற்சிக்கு நம் வடசென்னையில் பஞ்சமில்லை. தெருவுக்குத் தெரு ஆடப்படும் கேரம், ஒரு விரலை மட்டும் தனியே இயக்கவும், வேகத்தை அளந்து கொடுக்கவும், தன் முறை வரும்வரை கையை அடக்கவும் ஒருசேரப் பழக்குகிறது. சின்னப் பிள்ளைக்கு ஓர் ஆட்டம் முழுவதும் வேண்டாம், நாலைந்து காய்கள் போதும். வியாசர்பாடிப் பிள்ளைகள் கால்பந்தோடு வளர்கிறார்கள். விசில் கேட்டதும் ஓட்டத்தை நிறுத்தும் பழக்கத்தை அதோடு சேர்க்கலாம். இவை உதவும், ஆனால் மருத்துவர் எழுதிய மாத்திரைக்கு மாற்றாகா.

எழுதும்போது பாதங்கள் தரையில் முழுதாகப் பதியும் உயரத்தில் உட்காரவையுங்கள். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும் அளவைக் குறைத்து, கூடுதல் நேரம் தருமாறு வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். சில மாதங்கள் கழித்து அதே விரல் சோதனையை மீண்டும் வீடியோ எடுத்து, முந்தையதோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.