மாற்றுத்திறனாளிகளைப் பற்றி எழுதுவோர் இடறும் இடங்கள்

செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகள் அதே இடங்களில் இப்போதும் வந்து நிற்கின்றன. வசைச்சொற்கள் கூடாதென்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, நல்லெண்ணத்தோடு எழுதுபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பெயரை மாற்றி, வினையை விட்டுவிடுதல்

‘ஊனமுற்றோர்’ என்பதற்கு மாற்றாகத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்ட பிறகு அச்சில் பெயர் மாறியது; உடன் வரும் வினைச்சொற்கள் மாறவில்லை. ‘மாற்றுத்திறனால் அவதிப்படும் பெண்’ என்றொரு பிரதி அண்மையில் என் மேசைக்கு வந்தது. திறனால் ஒருவர் எப்படி அவதிப்படுவார்? உடல்நிலையைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘பார்வைக் குறைபாடு’, ‘மூளை முடக்குவாதம்’ என்று நேராகவே சொல்லலாம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, ஒருவரது குறைபாடும் சமூகம் வைத்திருக்கும் தடைகளும் சந்திக்கும் இடத்திலேயே இயலாமை உருவாகிறது என்கிறது. ஆகவே, படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்துக்குள் ஒருவரால் போக முடியாதபோது, ‘நடக்க இயலாததால்’ என்று எழுதாமல் ‘சாய்தளம் இல்லாததால்’ என்று எழுதுவதே துல்லியம்.

மரியாதை விகுதியை உருவிக்கொள்ளுதல்

பேச்சு தெளிவாக வராத ஒருவரையோ, அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரையோ பற்றி எழுதும்போது, அவருக்கு நாற்பது வயதானாலும் ‘அவன்’, ‘அவள்’, ‘அந்தப் பிள்ளை’ என்று பேனா தானாகவே இறங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தக் கண்ணி இல்லை. தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றிலும் ஒருவருக்கு மதிப்பைக் கொடுக்கிறோம் அல்லது பறிக்கிறோம்.

என் முதல் நேர்காணல், மூளை முடக்குவாதம் உள்ள 38 வயதுக்காரர் ஒருவருடையது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் கேட்டு அவர் எழுதிய மனுக்களும் அவற்றுக்கு வந்த பதில்களும் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவர் மெதுவாகப் பேசினார்; பொறுமையில்லாத நான் பாதிக் கேள்விகளை உடனிருந்த அண்ணனிடம் கேட்டுவிட்டேன். கட்டுரை வெளியான பிறகு அவரிடமிருந்து வந்த கடிதத்தில் இரண்டே வரிகள்: ‘அண்ணனுக்கு ஆர், எனக்கு ஆன். எங்களுக்குள் இரண்டு வயதுதான் வித்தியாசம்.’

கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். நெடுகிலும் அண்ணன் ‘கூறினார்’, ‘விளக்கினார்’. தம்பி ‘சிரித்தான்’, ‘தலையாட்டினான்’. விகுதியோடு, பேசுகிற வினைகளையும் அண்ணனுக்கே கொடுத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை; அந்தப் பெட்டியை நம்பி நான் திட்டமிட்டிருந்த தொடரும் அத்தோடு நின்றது.

சென்ற மாதம் புதியவர் ஒருவர் இதே தவறைச் செய்துவிட்டு, ‘பாசத்தில் அப்படி எழுதிவிட்டேன்’ என்றார். அன்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன் என்பதால்தான் எனக்கு எரிச்சல் கூடுகிறது. அதே பாசத்தில் ஓர் அமைச்சரை ‘அவன்’ என்று எழுதுவாரா? பிரதியை முடித்ததும் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். மருத்துவர், தாய், ஆசிரியர் எல்லோருக்கும் ‘ஆர்’ இருந்து, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவருக்கு மட்டும் இல்லையென்றால் மறுபடி எழுதுங்கள். முடிந்தால் அவரிடமே மறுபடி சென்று கேளுங்கள்.

சக்கர நாற்காலியில் ‘முடங்கினார்’

நாற்காலி வந்த பிறகுதான் அவர் வெளியே வரத் தொடங்கியிருப்பார். ‘பயன்படுத்துகிறார்’ போதும்.

‘வாய் பேச முடியாத’

காது கேளாத எல்லோரையும் இப்படி எழுதுவது தகவல் பிழை. சைகை மொழிக்கும் தனிக் கட்டமைப்பு உண்டென்பதை, அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்த வில்லியம் ஸ்டோக்கி 1960ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். ‘சைகை காட்டினார்’ என்றல்ல, ‘சைகை மொழியில் கூறினார்’ என்று எழுதுங்கள்.

பழமொழிகள்

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ எதற்கு? ‘விழலுக்கு இறைத்த நீர்’ இருக்கிறது.

‘நார்மல்’ மனிதர்கள்

இந்தச் சொல்லைப் பிரதியிலிருந்து அடித்துவிடுங்கள்.

அவர் சொல்லைத் திருத்துதல்

தம்மைப் ‘பார்வையற்றவர்’ என்று சொல்லிக்கொள்பவரை, அச்சில் ‘பார்வை மாற்றுத்திறனாளி’ ஆக்க வேண்டாம். எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று பெயரைக் கேட்கும்போதே கேட்டு, குறிப்பேட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.