முதல் வாட்சை நீங்களே செய்யப் போகிறீர்களா? ஃபேனை அணையுங்கள்

பாகங்களை வாங்கித் தானே ஒரு வாட்சைச் சேர்த்துச் செய்ய ஆசைப்படுகிற பலரும் வீட்டில் கிடக்கும் அப்பாவின் ஹெச்எம்டியைத்தான் முதலில் திறக்கப் பார்க்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். சீகோ குழுமத்தின் என்ஹெச்35 மூவ்மென்ட் (வாட்சை ஓட்டும் உள் இயந்திரம்) ஒன்று வாங்குங்கள். கை அசைவில் தானே சாவி ஏறும், உராய்வைக் குறைக்க உள்ளே 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுதாக ஏறினால் சுமார் 41 மணி நேரம் ஓடும். கெட்டாலும் இன்னொன்று வாங்குகிற விலைதான்.

கேஸ் (வெளிக்கூடு), டயல், முட்கள் எல்லாம் இதற்கென்று செய்தவையா என்று பார்த்து வாங்க வேண்டும். டயல் 28.5 மிமீ. முட்களின் துளை மணி முள்ளுக்கு 1.50, நிமிட முள்ளுக்கு 0.90, விநாடி முள்ளுக்கு 0.20 மிமீ. கிரவுன் (நேரம் திருப்புகிற திருகு) மூன்று மணிப் பக்கம் இருக்கிற கேஸாக எடுங்கள். நான்கு மணிப் பக்கம் இருந்தால் டயலின் பின்னால் குச்சி மாதிரி இருக்கிற கால்களில் எதை வெட்டுவது, தேதி ஏன் சாய்ந்து தெரிகிறது என்று தனித் தலைவலி.

வேலைக்கு உட்காரும்போது ஃபேனை அணைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் கொடுமைதான், ஆனால் விநாடி முள் பறந்தால் தேடிக் கிடைக்காது. தூசி வேறு டயலில் உட்காரும். நான் விடிகாலையில்தான் செய்வேன். விரல் நுனிக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், வியர்வைக் கறை டயலில் பட்டால் போகாது.

டயலை மாட்டுவது சுலபம், கால்கள் துளையில் இறங்கினால் முடிந்தது. முட்கள்தான் வேலையே. கிரவுனை இழுத்து, தேதி மாறுகிற வரை திருப்பி, மாறிய உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தில் மணி முள்ளும் நிமிட முள்ளும் 12-ஐப் பார்த்து உட்கார வேண்டும். அப்புறம் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்: சரியாக ஆறு மணிக்கு இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். "பரவாயில்லை" என்று விட்டால் தினமும் கண்ணில் உறுத்தும். விநாடி முள்ளைச் சின்ன ஒட்டுப் பிசின் உருண்டையில் தூக்கி, ஊசி முனை மாதிரி இருக்கிற அச்சின் மேல் சும்மா வையுங்கள். லென்ஸ் வழியாக முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து, நேராக நின்ற பிறகுதான் அழுத்த வேண்டும். கோணலாக அழுத்தினால் அச்சு வளையும். கடைசியில் டயல் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, பன்னிரண்டு மணி நேரத்தையும் சுற்றி, எங்கும் முள்ளோடு முள் உரசவில்லையே என்று பாருங்கள்.

அடுத்தது ஸ்டெம், கிரவுனிலிருந்து மூவ்மென்ட்டுக்குள் போகும் மெல்லிய தண்டு. நீளமாகத்தான் வரும், உங்கள் கேஸுக்கு வெட்ட வேண்டும். மூவ்மென்ட்டைக் கேஸுக்குள் வைத்து, கிரவுன் மாட்டிய ஸ்டெமை முழுதாகச் செருகி, கிரவுனுக்கும் கேஸுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வெர்னியரில் அளக்கவும். அந்த இடைவெளிதான் குறைக்க வேண்டிய நீளம். அதில் அரை மில்லிமீட்டர் குறைவாகவே வெட்டுங்கள். மிச்சத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, மாட்டி மாட்டிப் பாருங்கள். வெட்டுவது மரை உள்ள முனையில். பிசிறு இருந்தால் கிரவுன் ஏறாது. வெட்டும்போது கண்ணாடி போட்டிருங்கள், துண்டு தெறிக்கும். அளவு சரியானதும் மரையில் லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு.

ஸ்டெமை வெளியே எடுக்க, அதன் பக்கத்தில் தெரியும் சின்னக் குழியை மெல்ல அழுத்திக்கொண்டு இழுங்கள். பலமாகக் குத்தினால் உள்ளே லீவர் இடம் மாறி, நேரம் திருப்பவே வராது.

பின்மூடி போடுமுன் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வாட்ச் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதை டிக் சத்தம் கேட்டுச் சொல்லும் ஃபோன் ஆப்பிலேயே பார்க்கலாம், அது கேட்கும் லிஃப்ட் ஆங்கிள் என்ற அளவுக்கு 53 என்று கொடுக்கவும். இந்த மூவ்மென்ட்டுக்கு நாளுக்கு −20 முதல் +40 விநாடி வரை கம்பெனிக் கணக்கிலேயே சரி. அதற்குள் இருந்தால் வேகத்தைத் திருத்தும் ரெகுலேட்டரில் கை வைக்காதீர்கள்.

தண்ணீர் புகாதா என்று பிரஷர் டெஸ்ட் செய்யும் கடை ஒன்று கிடைக்கும் வரை கை கழுவும்போது கழற்றி வையுங்கள். டயலில் 200 மீட்டர் என்று போட்டிருப்பது டயல் அச்சடித்தவர் போட்டது.