என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் ஜேசன்-ஆர்பிசி: அமைப்பதும் சோதிப்பதும்

ஜேசன்-ஆர்பிசி 2.0 என்பது வேறொரு கணினியிலுள்ள செயல்பாட்டை (மெத்தட்) ஜேசன் வடிவச் செய்தியால் அழைக்கும் முறை. அந்தச் சேவையையும், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி அதற்கு அனுப்பும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸையும் ஒன்றாக அமைத்துவிட்டு, நேரே வெளியிலிருந்து சோதிப்பவர்கள் அதிகம். கோளாறு வந்தால் அது எங்கே என்று தெரியாமல் திணற வேண்டியதுதான். உள்ளேயிருந்து தொடங்கி, ஒவ்வோர் அடுக்காக வெளியே வாருங்கள்.

பைத்தானோ நோடோ, உங்கள் சேவை 127.0.0.1 (அதே கணினிக்குள் மட்டும் எட்டக்கூடிய) முகவரியில் 8000 போன்ற ஒரு போர்ட்டில் மட்டும் கேட்கட்டும். 0.0.0.0, அதாவது கணினியின் எல்லா முகவரிகளிலும் கேட்கட்டும் என்று வைத்தால், ஃபயர்வால் கொஞ்சம் தளர்ந்தாலும் எஸ்எஸ்எல், கடவுச்சொல் எல்லாவற்றையும் தாண்டி யாரும் நேரே உள்ளே வரலாம். சோதனைக்கென்று இரண்டு எண்களைக் கூட்டித் தரும் மெத்தட் ஒன்றைச் சேருங்கள். டேட்டாபேஸைத் தொடாத மெத்தட் என்பதால், அது தவறினால் குற்றவாளி டேட்டாபேஸ் இல்லை என்பது உறுதி.

இப்போது அதே சர்வரில் கர்ல் என்ற கமாண்ட் லைன் கருவி கொண்டு போஸ்ட் கோரிக்கை அனுப்புங்கள். ஜேசன்ஆர்பிசி, மெத்தட், பேராம்ஸ், ஐடி என நான்கு புலங்கள் போதும். முதல் புலத்தின் மதிப்பான 2.0 மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். வெறும் எண்ணாகப் போட்டால் கோரிக்கை செல்லாது. கர்லில் -d மட்டும் கொடுத்தால் கன்டென்ட்-டைப் படிவத்துக்குரியதாகப் போகும். சில லைப்ரரிகள் அதற்கு 415 (இந்த வகைத் தரவை ஏற்க முடியாது) என்று திருப்பி அனுப்பிவிடும். எனவே அப்ளிகேஷன்/ஜேசன் என்ற ஹெடரை நீங்களே சேருங்கள். விண்டோஸ் சிஎம்டியில் ஒற்றை மேற்கோள் வேலை செய்யாது. ஜேசனை ஒரு ஃபைலில் எழுதி அனுப்புவது நல்லது.

பதில் வெறுமையாக வருகிறதா? ஐடியை விட்டிருப்பீர்கள். ஐடி இல்லாத அழைப்பு வெறும் அறிவிப்பு. அதற்குப் பதில் அனுப்பக் கூடாது என்பதே விதி.

அடுத்தது என்ஜின்எக்ஸ். கான்ஃபிக் ஃபைலின் லொகேஷன் பகுதியில், கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ப்ராக்ஸி பாஸ் வரியை எழுதும்போது கடைசிச் சாய்கோட்டைக் கவனியுங்கள். போர்ட் எண்ணோடு நிறுத்தினால் முழுப் பாதையும் அப்படியே பின்னால் போகும். அதன் பின் ஒரு சாய்கோடு சேர்த்தாலே, பாதையில் லொகேஷனோடு பொருந்திய பகுதி வெட்டப்பட்டு, அந்த இடத்தில் இந்தச் சாய்கோடு உட்காரும். புரியாத 404 பெரும்பாலும் இதனால்தான். மாற்றியபின் nginx -t கொடுத்து கான்ஃபிகை சரிபார்த்துவிட்டு ரீலோடு செய்யுங்கள்.

502 (பின்னாலுள்ள சேவையிடமிருந்து சரியான பதில் இல்லை) வந்தால் என்ஜின்எக்ஸின் எரர் லாகைப் பாருங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் சேவை ஓடவில்லை, அல்லது போர்ட் தவறு. 'பர்மிஷன் டினைடு' என்றால், ரெட் ஹேட் வகை லினக்ஸில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுத்திருக்கலாம்; அதை மொத்தமாக அணைக்க வேண்டாம், வெப் சர்வருக்கு நெட்வொர்க் இணைப்பை அனுமதிக்கும் பூலியனை (ஆன்/ஆஃப் அமைப்பை) மட்டும் இயக்குங்கள். கோரிக்கையின் அளவு 1 எம்பியைத் தாண்டினால், வரம்பை மாற்றாதவரை 413 (அளவு அதிகம்) வரும்.

இவற்றில் 504தான் ஆபத்தானது. பின்னாலிருந்து 60 விநாடி எதுவும் வராவிட்டால் என்ஜின்எக்ஸ் கைவிட்டுவிடும். ஆனால் மெத்தட் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கலாம். அது பணம் எடுக்கும் மெத்தட் என்றால், கிளையன்ட் மறுபடி அழைக்கும்போது ஒரே பணம் இரண்டு முறை கழியலாம். நேரத்தைக் கூட்டுவதைவிட, நீண்ட வேலையை க்யூவில் போட்டு உடனே ஓர் எண்ணைத் திருப்பித் தருவது மேல்.

கடைசியாக, வேண்டுமென்றே தவறாக அழையுங்கள். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் -32700, இல்லாத மெத்தட்டுக்கு -32601, தவறான பேராம்ஸுக்கு -32602 வர வேண்டும். வெறும் சதுர அடைப்பை அனுப்பினால் -32600 கொண்ட ஒற்றைப் பிழை வர வேண்டும், பட்டியல் அல்ல. கையால் எழுதிய சர்வர்கள் இங்கேதான் சறுக்கும். பல சர்வர்கள் இந்தப் பிழைகளையும் எச்டிடிபி 200 உடனேயே அனுப்பும். அதனால் கண்காணிப்புக் கருவி ஸ்டேட்டஸை மட்டும் பார்த்தால் எல்லாம் பச்சையாகவே தெரியும். பதிலுக்குள் எரர் புலம் இருக்கிறதா என்று பார்க்க வையுங்கள்.

கர்லில் ஓடுவது பிரவுசரில் ஓடவில்லையா? வேறு டொமைனிலிருந்து ஜேசன் அனுப்பினால் பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் கோரிக்கை அனுப்பும். போஸ்ட்டை மட்டும் ஏற்கும் சேவை அதற்கு 405 (இவ்வகைக் கோரிக்கைக்கு அனுமதியில்லை) சொல்லிவிடும். வேறு டொமைனிலிருந்து அழைக்க அனுமதி தரும் கார்ஸ் ஹெடர்களோடு அதற்கு 204 (வெற்றி, உள்ளடக்கம் இல்லை) அனுப்புங்கள். போஸ்ட்டுக்கான பதிலிலும் அனுமதி ஹெடர் இருக்கட்டும்.