மெக்கானிக்கைப் பார்த்ததும் ஸ்டார்ட் ஆகும் வண்டி: நாம் செய்யும் தவறுகள்

வீட்டில் இருபது கிக் அடித்தும் அசையாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலில் நிறுத்துவோம். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு கிக் அடிப்பார். ஸ்டார்ட் ஆகிவிடும். "நல்லாத்தானே இருக்கு சார்?" என்பார். சட்டையெல்லாம் வேர்வையோடு நிற்கிற நமக்குப் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அடியோடு ஸ்டார்ட் ஆகாத வண்டியைச் சரிசெய்வது சுலபம். கோளாறு எப்போதும் அங்கேயே இருக்கும், தேடினால் கிடைக்கும். வந்து வந்து போகிற கோளாறுதான் பர்ஸைக் காலி செய்யும். அதற்குப் பாதிக் காரணம் வண்டி, மீதிப் பாதி நாம்தான்.

என்னிடம் ஒரு பழைய 100 சிசி வண்டி இருந்தது. கிக்கர் மட்டும்தான், செல்ஃப் கிடையாது. அது மூன்று மாதம் இப்படி ஆட்டம் காட்டியது. காலையில் வீட்டில்தான் தகராறு, அதுவும் தினமும் இல்லை. மாலையில் ஆபீஸ் வாசலில் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கிறது, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பிளக் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பேட்டரியும் புதிதாக வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு செலவுக்குப் பிறகும் நாலு நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் பழைய கதை.

இதில் நான் செய்த முதல் தவறு, கோளாறு இல்லாத நேரத்தில் பார்ட்ஸ் மாற்றியது. ஸ்டார்ட் ஆகிற வண்டியில் எதை மாற்றினாலும் அது ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். மாற்றிய பொருளால்தான் சரியானது என்று நினைத்துக்கொள்வோம். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டாலோ, நிஜமாகவே சரியானாலும் எதனால் என்று தெரியாது. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நேரம், இன்ஜின் சூடா குளிர்ச்சியா, மழையா, முந்தின நாள் வண்டி கழுவினீர்களா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வண்டி எப்படி நின்றுகொண்டிருந்தது. கடைசிக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது தவறு பேட்டரி. என் வண்டியில் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற சிடிஐ, பேட்டரியை நம்பி இருக்கவில்லை. பழைய கிக்கர் வண்டிகள் பலவற்றில், கிக் அடிக்கும்போது மேக்னட் சுற்றுகிறதே, அங்கேயிருந்தே அதற்கு மின்சாரம் போய்விடும். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் இன்ஜின் ஓடும். ஹாரன், இண்டிகேட்டர் போன்றவைதான் வேலை செய்யாது. ஆக, ஸ்டார்ட்டிங் கோளாறுக்குச் சம்பந்தமே இல்லாத பொருளுக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

இன்றைய வண்டிகளில் கதை நேர் எதிர். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் கார்புரேட்டரை விட்டு ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓடவும் பேட்டரி வேண்டும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் குட்டிக் கம்ப்யூட்டரான இசியு வேலை செய்யவும் பேட்டரி வேண்டும். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாலும் நடக்காது. சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று வினாடி டேங்குக்குள் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் கேட்கும், அதுதான் பம்ப். கோளாறு வருகிற நாளில் அந்தச் சத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்ற வேண்டாம். ஃபியூஸ், ரிலே, பம்புக்குப் போகும் கனெக்டர் இவற்றை முதலில் பாருங்கள்.

செல்ஃப் வண்டிக்காரர்கள் சொல்கிற ஒரு வசனம் உண்டு: "ஹாரன் நல்லா அடிக்குதே, அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு." ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்குப் பல மடங்கு வேண்டும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரவு முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி காலி. அத்தோடு மீட்டரை எடுத்துவிடாதீர்கள். செல்ஃபை அழுத்திக்கொண்டே பாருங்கள். 12.6 காட்டிய பேட்டரி அழுத்தியதும் 8, 7 என்று சரிந்தால் அதன் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. 10-க்கு மேலேயே நின்றும் மோட்டார் திணறினால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், வயரையும் மோட்டாரையும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். வராவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். நேற்று வாங்கிய பேட்டரியும் சில வாரத்தில் படுத்துவிடும், கடைக்காரரோடு வாரண்டிச் சண்டைதான் மிஞ்சும்.

பேட்டரி மாற்றிய மறுநாளே வண்டி சரியாகிவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதியதைப் போடும்போது டெர்மினல் நட்டைச் சுரண்டி இறுக்கியிருப்பார்கள். கோளாறே அந்த லூஸ் நட்டாக இருந்திருக்கலாம். செல்ஃப் அழுத்தும்போது "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்தால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கலாம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் மைனஸ், பிறகு பிளஸ் என்று கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். மைனஸிலிருந்து இன்ஜினுக்கோ சேஸிஸுக்கோ போகும் எர்த் வயரின் மறுமுனையை யாரும் பார்ப்பதில்லை. சேறும் துருவும் ஏறி அது பாட்டுக்கு அங்கே கிடக்கும். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி மைனஸிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயர்தான் குற்றவாளி.

அடுத்து, பிளக். கழற்றிப் பார்க்கிறோம், பெட்ரோலில் நனைந்திருக்கிறது, உடனே "கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கரண்ட் வராவிட்டாலும் பிளக் நனையும். எரியாத பெட்ரோல் எங்கே போகும்? என் கார்புரேட்டரைக் கழற்ற வைத்தது இந்த ஈரம்தான்.

கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதிலும் ஆபத்தான பழக்கங்கள் இருக்கின்றன. பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் மரை இரும்பு இன்ஜினில் நன்றாகப் படும்படி வைத்துத்தான் கிக் அடிக்க வேண்டும். பிளக் கழற்றிய ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கிக் அடிக்கும்போது அது பெட்ரோல் ஆவியைத் துப்பும். கையில் பிடித்துக்கொண்டும் அடிக்காதீர்கள், ஒருமுறை ஷாக் வாங்கினால் மறக்காது. கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டு அடித்தால் இறங்க இடமில்லாத வோல்டேஜ் காயிலையோ சிடிஐயையோ பதம் பார்க்கலாம்.

ஒருநாள் விடியற்காலை, இதே சோதனையை வீட்டுச் சந்தில் வைத்துச் செய்தேன். இடம் குறுகலானது, ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்க ஒடித்து லாக் போட்டால்தான் மற்றவர்கள் நடக்க வழி இருக்கும். சாவி போட்டு, ஹேண்டில் அப்படியே ஒடிந்தபடி இருக்க, கிக் அடித்தேன். பிளக்கில் ஒன்றுமில்லை. இன்னும் ஒன்று. ஒன்றுமில்லை. டார்ச்சை வைக்க வசதியாக ஹேண்டிலை நேராக்கிவிட்டு அடித்தேன். சுள்ளென்று நீலமாக வெட்டியது. மறுபடி இடதுபக்கம் ஒடித்தேன், செத்துவிட்டது. நேராக்கினேன், வந்தது. மூன்று மாதத்துக்கும் சேர்த்து அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன்.

ஆபீஸில் வண்டியை நேராக நிறுத்துவேன், லாக் போடுவதில்லை. மெக்கானிக் கடைக்குத் தள்ளிப் போகும்போதும் ஹேண்டில் நேராகத்தானே இருக்கும்! வீட்டில் கிக் அடித்து அடித்துச் சலித்து ஹேண்டிலைச் சற்று அசைத்த நாட்களில் மட்டும் அது "திடீரென்று" ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அந்த வகை வண்டியில் சாவியை அணைத்தால் சிடிஐயிலிருந்து வரும் ஒரு வயர் எர்த்தில் தொடும், கரண்ட் நின்றுவிடும். ஹேண்டில் கழுத்தில் அந்த வயர் வருடக்கணக்கில் உரசி, அரை அங்குல நீளத்துக்கு மேல்தோல் போய்ச் செம்பு தெரிந்தது. இடதுபக்கம் ஒடித்தால் இரும்பில் போய் ஒட்டும். சாவி ஆன் செய்திருந்தாலும் சிடிஐக்கு அது ஆஃப்தான். இன்சுலேஷன் டேப்பும் மேலே ஒரு ஸ்லீவும் போட்டதோடு முடிந்தது.

அதனால் யார் கேட்டாலும் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்: கோளாறு காட்டும் நேரத்தில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், சாவியை லேசாக ஆட்டுங்கள், கில் ஸ்விட்சை (ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் ஸ்விட்ச்) பத்து முறை ஆன் ஆஃப் செய்யுங்கள். சைடு ஸ்டாண்டு போட்டால் இன்ஜின் அணையும் வண்டி என்றால் அந்த ஸ்விட்சில் சேறு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சீட்டுக்கடியில் எலி கடித்த தடயம் இருக்கலாம். ஒரு பைசா செலவில்லை.

சூடானால் நின்று, ஆறினால் ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் தனி ரகம். பல்சர் காயில் (வண்டிப் பெயர் இல்லை, மேக்னட் பக்கத்தில் இருக்கும் சின்னக் காயில்), இக்னிஷன் காயில் இரண்டும் சூட்டில் மட்டும் கைவிடக்கூடியவை. ஆறிய பிறகு சோதித்தால் எல்லாம் சரி என்றே காட்டும். நின்ற இடத்திலேயே கரண்ட் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால், மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக வழியில்லாமல் பெட்ரோலும் நின்றுவிடுகிறது. காயில் கோளாறு என்றால் மூடி திறந்ததும் சரியாகாது, வண்டி ஆற வேண்டும். வால்வு கிளியரன்ஸ் இறுகிப் போனாலும் சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். அது மெக்கானிக் வேலை.

சூடான இன்ஜினுக்குச் சோக் போடாதீர்கள். செல்ஃபை ஐந்து வினாடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் போடுங்கள். போன ஃபியூஸில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், அப்புறம் வயரிங்கே எரியும்.

மெக்கானிக்கிடம் போவதென்றால் காலையில் ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்தின நாள் இரவே கடையில் விட்டுவிட்டு, "நீங்களே காலையில முதல் கிக் அடிச்சுப் பாருங்கண்ணே" என்று சொல்லுங்கள். வீட்டில் எப்படி நிறுத்துவீர்களோ அப்படியே நிறுத்திவிட்டு வாருங்கள், ஹேண்டில் லாக் உட்பட.